கடலோரத் தோப்பில் புல் வெட்டும் பழைய டிராக்டர்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பெரியபட்டினம் தோப்பு எழுதியது:

எங்கள் மேசி ஃபெர்கூசன் 1035 டிராக்டர் அப்பா 1986-ல் வாங்கியது. உழவுக்குத் தம்பி புது வண்டி எடுத்துவிட்டான். பழையது இப்போது ஆறு ஏக்கர் தென்னந்தோப்பில் ஸ்லாஷர் (பின்னால் மாட்டும் சுழல்கத்தி) மாட்டிப் புல் வெட்ட மட்டும் ஓடுகிறது. பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று சொல்லாத ஆள் இல்லை. இந்த வருஷமும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை பிறந்ததும் முதல் செல்ஃபிலேயே எடுத்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுத உட்கார்ந்தேன்.

தோப்பை ஏன் உழாமல் வெட்டுகிறேன் என்று பலர் கேட்கிறார்கள். எங்கள் மண் முழுக்க மணல். உழுது போட்டால் வைகாசியில் கச்சான் காற்று கிளம்பும்போது மேல்மண் பறந்து பக்கத்துத் தோப்பில் கிடக்கும். மேலாக ஓடும் தென்னை வேரும் அறுபடும். புல்லை வெட்டி அங்கேயே விட்டால் மண்ணும் நிற்கும், ஈரமும் நிற்கும். விழுந்த காய் கண்ணில் படும். காய் பொறுக்க வருகிறவர்கள் விரியன் பயம் இல்லாமல் கால் வைக்கலாம். இந்த வேலை பழைய வண்டிக்கு ஒத்துப்போகிறது. கலப்பையை இழுக்கிற பாரம் இதில் இல்லை.

இந்தக் கரையில் வண்டியைக் கொல்வது உப்பும் புல்தூசியும்தான். வயசாகிவிட்டது என்று ஒதுக்கிய எத்தனையோ வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். எஞ்சின் நன்றாகவே இருக்கும், தண்ணீர் போகிற வழி அடைத்திருக்கும்.

எனக்கும் அப்படித்தான் ஆனது. ரேடியேட்டருக்குப் பல வருஷம் போர் தண்ணீரையே ஊற்றினோம். எங்கள் போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது, அதை வண்டி மட்டும் எப்படிக் குடிக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு மாசியில் வெட்டும்போது சூடு ஏறி, எஞ்சின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போனது. கழற்றிப் பார்த்தால், உப்புத் தண்ணீர் காய்ச்சிய பானையின் அடி மாதிரி பிளாக்கின் உள்ளே வெள்ளையாகப் படிந்து, அதன்மேல் துருச்சேறு. மெக்கானிக் ஒரு முழு நாள் கம்பி விட்டுக் குடைந்து எடுத்தார். அன்றிலிருந்து மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர்தான். அது தீர்ந்தால் ஊருணித் தண்ணீரைத் தெளியவைத்து, வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி, கூலண்ட் கலந்து ஊற்றுகிறேன். ஒன்பது வருஷமாகச் சூடு ஏறவில்லை.

இன்னொரு அடைப்பு வெளியில் இருக்கிறது. புல் காய்ந்த பிறகு வெட்டினால் ஒட்டுப்புல் விதையும் தூசியும் ரேடியேட்டர் முன்னால் அடை மாதிரி ஒட்டிக்கொள்ளும். நான் கிரில்லில் கொசுவலைத் துணி கட்டி, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை தட்டிவிடுகிறேன். காற்று அடித்துச் சுத்தம் செய்தால் ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாக அடியுங்கள். முன்னாலிருந்து அடித்தால் விதை இன்னும் உள்ளேதான் போகும். ஆயில் பாத் ஏர் கிளீனரை வெட்டும் நாட்களில் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும். மணல் அடியில் சேறாக உட்கார்ந்திருக்கும்.

அப்புறம், நான் முக்கியமாகச் சொல்ல வந்தது கிளட்ச் விஷயம். எங்களுடையது சிங்கிள் கிளட்ச் வண்டி. தோப்பின் தென்கோடியில் ஒரு துரவு, அதாவது பெரிய திறந்த கிணறு இருக்கிறது. ஸ்லாஷர் வாங்கிய முதல் வாரம், துரவுக்குப் பத்தடி முன்னால் கிளட்சை மிதித்தேன். வண்டி நிற்கவில்லை. யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த அக்கா துள்ளி விலகினார். கரையில் நின்ற ஒரு தென்னை முன் அச்சைப் பிடித்துக்கொண்டதால் பிழைத்தேன்.

காரணம் பிறகுதான் புரிந்தது. சிங்கிள் கிளட்சை மிதித்தால் எஞ்சின் மட்டும்தான் விலகும். பி.டி.ஓ.வும் (ஸ்லாஷரைச் சுற்ற வண்டியின் பின்னால் நீட்டியிருக்கும் தண்டு) பின்சக்கரமும் கியர்பாக்ஸ் வழியாகக் கோத்தே இருக்கும். வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்லாஷர் கத்தி சட்டென்று நிற்காது. அந்தச் சுழற்சி தண்டு வழியாகத் திரும்பி வந்து சக்கரத்தைத் தள்ளும். டபுள் கிளட்ச் வண்டியில் பாதி மிதித்தால் சக்கரம் மட்டும் நிற்கும், பி.டி.ஓ. தன்பாட்டில் சுற்றும். அதனால் அந்த வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்த ஆபத்தே தெரியாது.

இதற்கு ஓவர்ரன் கப்ளிங் என்று ஒன்று விற்கிறார்கள். சைக்கிள் பின்சக்கரத்து ஃப்ரீவீல் போலத்தான் வேலை செய்கிறது. வண்டி ஸ்லாஷரைச் சுற்றலாம், ஸ்லாஷர் வண்டியைத் தள்ள முடியாது. பி.டி.ஓ. முனையில் மாட்டிவிட்டு, அது நீட்டிய அளவுக்கு, ஸ்லாஷருக்குப் போகும் ஷாஃப்டை அறுத்துக் குறைக்க வேண்டும். குறைக்காமல் மாட்டினால் லிஃப்டைத் தூக்கும்போது ஷாஃப்ட் முட்டி பேரிங்கை உடைக்கும். கப்ளிங் வாங்கும்வரை கிளட்சை மிதித்த கையோடு கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிடுங்கள். கைலியும் துண்டுமாக, சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் பக்கம் போகவே போகாதீர்கள்.

பார்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். பெர்கின்ஸ் வடிவமைப்பில் சென்னை சிம்சன் செய்த மூன்று சிலிண்டர் எஞ்சின் இது, 152 கன அங்குலம், ஏறக்குறைய இரண்டரை லிட்டர். வண்டியைச் செய்த டாஃபே கம்பெனி இன்றும் 1035 என்ற பெயரில் வண்டி விற்கிறது. மதுரை போனால் கேஸ்கட், லைனர் எல்லாம் கிடைக்கிறது.

உங்கள் பக்கத்தில் எப்படி?

தொண்டி வடகடல் எழுதியது:

அண்ணே, துரவு சம்பவத்தைப் படித்ததும் எழுந்து போய் எங்கள் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்களுடையது மகிந்திராவின் பழைய பி-275. மாமனார் வீட்டிலிருந்து வந்தது.

எங்களுக்கு உப்பு வேறு இடத்தில் வேலை காட்டியது. செல்ஃப் முனகும், சுற்றாது. கடையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதுசு வாங்கினேன். அப்போதும் அதே முனகல். செல்ஃபைக் கழற்றி கார்பன் மாற்றினேன், மாற்றமில்லை. கடைசியில் வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் எர்த் பட்டையைக் கையில் பிடித்து ஆட்டினார். அது சேஸியில் உட்காரும் இடம் முழுக்கத் துரு. பளபளவென்று தேய்த்து, முறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். ஐந்து நிமிட வேலை. இப்போது மழைக்கு முன்னும் பின்னும் அதை நானே கழற்றித் தேய்க்கிறேன். பேட்டரி முனையில் வாசலின்.

டீசல் டேங்கைப் பாதியில் விட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. கடலோர ஈரக்காற்று ராத்திரியில் டேங்குக்குள் வேர்த்துத் தண்ணீராக இறங்கிவிடும். வேலை முடிந்ததும் நிரப்பிவிட்டு, காலையில் அடிக்கிண்ணத்தைத் திறந்து கொஞ்சம் வடித்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

பெரியபட்டினம் தோப்பு எழுதியது:

டீசல் விஷயத்தைச் சொன்னது ரொம்ப நல்லது தம்பி. எங்கள் வண்டியில் எஞ்சினுக்கு டீசல் அடிப்பது ரோட்டரி பம்ப். அதன் உள்பாகங்களுக்கு டீசலே எண்ணெய். தண்ணீர் கலந்தால் வழவழப்பு போய் பம்ப் உரசிக்கொள்ளும். அந்தப் பம்பைப் பிரித்துச் சரிபார்க்க நல்ல பட்டறையில் கொடுக்கும் காசுக்கு ஒரு வருஷம் ஃபில்டர் வாங்கிவிடலாம்.

சாயல்குடி பனங்காடு எழுதியது:

எங்களுக்குத் தென்னை குறைவு, பனைதான். பனந்தோப்பில் வெட்டுவது தனி வேலை. கருக்குமட்டை, பனங்கொட்டை, அதற்கிடையில் கருவை முள். போன வருஷம் வெட்டிய கருவையின் அடிக்கட்டை புல்லுக்குள் மறைந்திருக்கும். கத்தி அதில் பட்டால் ஷியர் போல்ட் அறும். கியர்பாக்ஸைக் காப்பாற்ற அது அறுவதற்காகத்தான் இருக்கிறது.

எனக்கு இது தெரியாது. ஒரே நாளில் மூன்று போல்ட் அறுந்த கோபத்தில், இனி அறவே கூடாது என்று கெட்டியான ஹைடென்சில் போல்ட்டைப் போட்டு முறுக்கினேன். அடுத்த கட்டையில் போல்ட் அறவில்லை, ஸ்லாஷர் கியர்பாக்ஸில் பல் உடைந்தது. சீசன் பாதியில் பதினெட்டு நாள் வண்டி நின்றது. இப்போது ஸ்லாஷருக்கு உரிய மென்மையான போல்ட்டையே ஒரு டப்பா நிறைய சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். வெட்டுவதற்கு முந்தின நாள் காடு முழுக்க நடந்து கட்டை தெரிகிற இடத்தில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.

கரைக்குப் பக்கத்து ராவணன் மீசைப் புல்லை நான் வெட்டுவதில்லை. மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

வேலை முடிந்ததும் ஸ்லாஷரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய பச்சைப்புல்லை அன்றைக்கே சுரண்டுங்கள். ஒரு ராத்திரி விட்டால்கூட ஈரத்தையும் உப்பையும் தகட்டோடு பிடித்து வைத்துக்கொள்ளும். என் முதல் ஸ்லாஷரின் தகடு நாலே வருஷத்தில் சல்லடையானது. சுரண்டிய பிறகு கழிவு ஆயிலில் கொஞ்சம் டீசல் கலந்து பூசிவிடுகிறேன்.

உச்சிப்புளி பேரன் எழுதியது:

அண்ணன்மாருக்கு வணக்கம். தாத்தா ஓட்டிய 1035 நாலு வருஷமாக ஷெட்டில் நிற்கிறது. தாத்தா தவறிய பிறகு யாரும் தொடவில்லை. விற்க மனசில்லை. தோப்பில் புல் இடுப்பளவு நிற்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பெரியபட்டினம் தோப்பு எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று: செல்ஃபை அழுத்திவிடாதீர்கள். நாலு வருஷம் கடல் காற்றில் நின்ற வண்டியில் பிஸ்டன் ரிங் லைனரில் துருவோடு ஒட்டியிருக்கலாம். சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் மூன்று நாசிலையும் கழற்றி, ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயிலும் டீசலும் கலந்து ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் கையால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். திரும்பினால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஏர் கிளீனர் குழாயைத் திறந்து பாருங்கள், எலியோ அணிலோ கூடு கட்டியிருக்கும். பழைய டீசலை முழுக்க வடித்துவிடுங்கள். எஞ்சின் ஆயில், ஃபில்டர் எல்லாம் புதுசு. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருக்கவும் வாய்ப்பு உண்டு. கிளட்சை மிதித்தும் கியர் விழாமல் கரகரத்தால் அதுதான். வம்பாகக் கியரைத் தள்ளாதீர்கள்.

இடுப்பளவுப் புல்லை ஒரே தடவையில் வெட்டவும் கூடாது. முதலில் ஸ்லாஷரை உயர்த்தி வைத்து மேலே வெட்டிவிட்டு, ஒரு வாரம் கழித்து இறக்கி வெட்டுங்கள்.

உங்கள் ஊர் எனக்குத் தூரமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். நாசில் கழற்றும் ஸ்பேனரும் கிரீஸ் கன்னும் நான் எடுத்து வருகிறேன். நீங்கள் மழைத் தண்ணீர் ஒரு இருபது லிட்டர் பிடித்து வையுங்கள்.