வீட்டில் பீர் காய்ச்சுவதற்காகப் பழைய கண்ணாடி ஜாடியில் ஈஸ்ட் ஸ்டார்ட்டர் (பீரில் சேர்க்குமுன் ஈஸ்ட்டைப் பெருக்கும் சிறு கரைசல்) வைத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஸ்காபரோ_நுரை

ஸ்டார்ட்டருக்குப் பழைய போத்தலே போதும் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். போன ஜனவரி வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பழைய சாமான் கடையில் இரண்டு டொலருக்கு வாங்கிய ஊறுகாய்ப் போத்தல், 4 லீட்டர் பிடிக்கும். 2 லீட்டர் தண்ணீருக்கு 200 கிராம் மோல்ட் தூள் (முளைகட்டிய பார்லிச் சாற்றின் தூள்), வழக்கமான கணக்கு. கொதிக்க வைத்து, இறக்கிய சூட்டோடு ஊற்றினேன். போத்தலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தைரியத்தில் ஐஸ் தண்ணீர் நிரப்பிய சிங்க்குக்குள் இறக்கிவிட்டேன்.

'டிக்' என்று ஒரு சத்தம், நகத்தால் தட்டியது மாதிரி, அவ்வளவுதான். தூக்கினால் மேல்பாகம் மட்டும் கையோடு வருகிறது. அடித்தட்டு வட்டமாகக் கழன்று தண்ணீருக்குள் கிடக்கிறது. தேன் நிறத்தில் வோர்ட், அதாவது காய்ச்சிய மோல்ட் கரைசல், ஐஸ்கட்டிகளுக்கு நடுவே ஓடுகிறது. பக்கத்தில் ஸ்டூலில் ஏறி நின்று என் நாலு வயது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாங்கும்போதே அடியில் ஒரு கீறல் இருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். அதுதான் இன்னும் மனதை அரிக்கிறது.

மெல்பர்ன்_மால்ட்

ஐயோ, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

எனக்கு உடையவில்லை, வாசம்தான் பிரச்சினை. இந்தியக் கடை எலுமிச்சை ஊறுகாய் பாட்டில். சோடா உப்பு போட்டு ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மோந்து பார்த்தபோது ஒன்றுமே இல்லை. ஸ்டார்ட்டர் நன்றாகவே வந்தது. ஈஸ்ட் அடியில் படியட்டும் என்று, வாயை மூடியிருந்த அலுமினிய ஃபாயிலை எடுத்துவிட்டு, அதே பாட்டிலின் மூடியைப் போட்டு ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்தேன்.

திறந்தேன், பெருங்காயம்! சமையலறை முழுக்க. மூடியின் உட்புறம் ரப்பர் மாதிரி ஒரு பூச்சு இருக்குமே, வாசத்தை அதுதான் பிடித்து வைத்திருந்தது. கண்ணாடியில் துளி வாசமில்லை. ஒரு லிட்டர் ஸ்டார்ட்டரையும் கொட்டினேன். அந்த ஈஸ்ட் அவ்வளவு அழகாக வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது, மனசே வரவில்லை.

லீட்ஸ்_ஏல்

ஸ்காபரோ தம்பி, கீறலை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். கீறல் இல்லாவிட்டாலும் அது உடைந்திருக்கலாம். ஊறுகாய், ஜாம் பாட்டில் எல்லாம் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. ஆய்வுக்கூடக் குடுவைகளின் போரோசிலிகேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும், சுருங்கும். உள்ளே கொதி, வெளியே ஐஸ் என்றால் தாங்காது. வோர்ட்டைக் காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி போட்டு, அந்தப் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து 20, 25 டிகிரிக்கு ஆற்றுங்கள். பிறகுதான் பாட்டில். நான் பாட்டிலுக்குச் சூடு காட்டுவதே இல்லை. கழுவி, ஸ்டார் சான் என்ற கிருமிநீக்கிக் கரைசலில் முக்கி எடுத்தால் போதும். அந்த நுரையைக் கழுவ வேண்டியதில்லை.

மெல்பர்ன், நொதிக்கும்போது ஃபாயில் போட்டது சரி. ஃப்ரிட்ஜிலும் அதையே விட்டிருக்கலாம். மூடியை இறுக்கினால் வாசம் மட்டுமல்ல, கேஸும் அடைபடும். ஊறுகாய் பாட்டில் அழுத்தம் தாங்கச் செய்தது இல்லை.

இன்னொன்று. யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மிச்ச வோர்ட்டைப் பாட்டிலில் அடைத்து, வெறும் கொதிநீரில் வேகவைத்து அலமாரியில் அடுக்குகிறார்கள் சிலர். தயவுசெய்து வேண்டாம். வோர்ட்டின் பி.எச். (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5க்கு மேல். 4.6க்குக் கீழே போனால்தான் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நஞ்சாதலை உண்டாக்கும் கிருமி அடங்கும். அதன் வித்து 100 டிகிரியில் சாகாது, 121 டிகிரி வேண்டும். அதற்கென்று செய்த பிரஷர் கேனரும் (பாட்டில்களை அழுத்தத்தில் வேகவைக்கும் பாத்திரம்) அதற்குரிய பாட்டிலும் இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள். என் நண்பர் வீட்டு அலமாரியில் அப்படிப் பதினொரு பாட்டில் வரிசையாக இருந்ததைப் பார்த்தேன். உட்கார்ந்து பேசி, எல்லாவற்றையும் கொட்ட வைத்த பிறகுதான் கிளம்பினேன்.

சிங்கை_கோதுமை

எல்லோரும் பழைய பாட்டிலே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். என்னிடம் இருப்பது அம்மாவின் ஹார்லிக்ஸ் பாட்டில். கண்ணாடியில் வந்த காலத்தது, துவரம்பருப்பு போட்டு வைத்திருந்தார். அம்மா போன பிறகு வீட்டைக் காலி செய்தபோது எடுத்து வந்தேன். மூடி எப்போதோ தொலைந்துவிட்டது, ஃபாயில்தான்.

முதல் தடவை ஒரு கோதுமை பீரின் அடி ஈஸ்ட்டை அதில் எடுத்து வைத்தேன். மறுநாள் காலை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், அடியில் பழுப்பு வண்டல், அதன்மேல் பாலாடை மாதிரி ஈஸ்ட், மேலே தெளிந்த பீர். பருப்பு எவ்வளவு மிச்சம் என்று அம்மா இப்படித்தான் தூக்கிப் பார்ப்பார்.

போன வாரம் கழுவும்போது விளிம்பில் அரிசி அளவு சில்லு பெயர்ந்திருப்பதைப் பார்த்தேன். இன்னும் உபயோகிக்கலாமா?

லீட்ஸ்_ஏல்

ஈஸ்ட் வைக்காதீர்கள். கண்ணாடித் துகள் உள்ளே விழலாம். விளிம்பை உப்புத்தாளால் தேய்க்கவும் வேண்டாம். பருப்பும் போடாமல், சும்மா ஜன்னலோரம் வைத்திருங்கள்.

ஸ்காபரோ_நுரை

மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை அக்கா. இப்போது பாத்திரத்திலேயே ஆற்றுகிறேன். வெப்பமானியைப் பார்த்து எண் சொல்வது அவள் வேலை.