வலது ஹீட்சிங்க் மட்டும் கொதிக்குது: பவர் டிரான்சிஸ்டரை மாத்தணுமா?

குளச்சல்_கரை

வீடு கடலுக்குப் பக்கம். கையால கட்டின ஸ்டீரியோ ஆம்ப். சேனலுக்கு ஒரு ஜோடி பவர் டிரான்சிஸ்டர், 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943; பயாஸுக்கு (பாட்டு இல்லாதப்போ அந்த ஜோடியில ஓடுற கரண்டை வைக்க) பிடி139 டிரான்சிஸ்டர். 35-0-35 டிரான்ஸ்பார்மர், பிளஸ் மைனஸ் 48 வோல்ட் வருது. 10,000 மைக்ரோபாரட் 63 வோல்ட் கெபாசிட்டர் பக்கத்துக்கு ஒண்ணு. எமிட்டர் ரெசிஸ்டர் 0.22 ஓம்.

ஆடிச் சாரல் முடிஞ்சதுல இருந்து மூணு கோளாறு. பாட்டே போடாம ஆன்ல வச்சாலும் பத்து நிமிஷத்துல வலது ஹீட்சிங்க்ல (டிரான்சிஸ்டர் சூட்டை வெளியேத்துற உலோகத் துண்டு) கை வைக்க முடியல, இடது வெதுவெதுன்னு இருக்கு. வால்யூம் திருகினா கரகர. செட்டாப் பாக்ஸ் ஒயர் செருகினா மட்டும் 'ம்ம்ம்'னு இரைச்சல். வலது ஜோடியை மாத்திடவா?

ஈயக்கோல்_தக்கலை

இப்போதைக்கு அதைக் கழட்டாதீங்க அண்ணே. ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர்னா பியூஸ் எப்பவோ போயிருக்கும். அளந்து பாக்காம மாத்தினா போலி 2எஸ்சி5200 வந்து மாட்டறதுக்கும் வழி இருக்கு.

ஸ்பீக்கரைக் கழட்டுங்க, இன்புட்டை ஷார்ட் பண்ணுங்க. மீட்டரை 200 மில்லிவோல்ட்ல வச்சு, ஒரு 0.22 ஓம் ரெசிஸ்டரோட ரெண்டு முனையிலயும் கிளிப் மாட்டுங்க. ஊசி புரோப் வேண்டாம், வழுக்கி பக்கத்துக் கால்ல பட்டா அந்த நொடியே ஜோடி காலி. 11 மில்லிவோல்ட் வந்தா 50 மில்லிஆம்ப், அது சரியான அளவு. ஆன் பண்ண உடனே ஒரு தடவை, பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தடவை எழுதி வைங்க.

குளச்சல்_கரை

இடது 10, அப்படியே நிக்குது. வலது 34ல ஆரம்பிச்சு 41 வரை ஏறிச்சு, பயந்து அணைச்சிட்டேன்.

ஈயக்கோல்_தக்கலை

அணைச்சது நல்லது. 41ன்னா 186 மில்லிஆம்ப். பிளஸ், மைனஸ் ரெண்டு ரெயிலும் சேர்ந்து 96 வோல்ட், சும்மா இருக்கும்போதே கிட்டத்தட்ட 18 வாட் சூடு. இடது பக்கம் 4.5 வாட் கூட இல்ல.

ஆரம்பமே 34ன்னா பிரீசெட்ல (பயாஸை வைக்கிற திருகு ரெசிஸ்டர்) சந்தேகம். ஏறிக்கிட்டே போறதுன்னா பிடி139 ஹீட்சிங்கை விட்டு விலகியிருக்கு. பவர் டிரான்சிஸ்டர் சூடாகச் சூடாக அதோட பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் போல இறங்கும், அதனால கரண்ட் ஏறும். அந்தச் சூட்டை பிடி139 உணர்ந்தாத்தான் பயாஸைக் குறைக்கும். திருகு துருப்பிடிச்சு, சூடு கடத்துற பேஸ்ட் காஞ்சு சுண்ணாம்பு மாதிரி ஆயிருந்தா அதுக்குச் சூடு எட்டாது.

முதல்ல கெபாசிட்டரை இறக்குங்க: 470 ஓம் 10 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொண்ணுக்கும் குறுக்கே அரை நிமிஷம் பிடிங்க, மீட்டர்ல பூஜ்யம் பாத்துட்டுத்தான் கை வைக்கணும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க. புது மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு), புது பேஸ்ட், ஸ்டெயின்லெஸ் எம்3 திருகு. பேஸ்ட் மைக்கா தெரியற அளவு மெல்லிசாப் போதும். முடிச்சதும் கலெக்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல மீட்டர் எதுவும் காட்டக் கூடாது.

மூடி இல்லாத பழைய பிரீசெட்டைத் தூக்கிட்டு, பல சுத்து சுத்தி வைக்கிற மல்டிடர்ன் போடுங்க. அது பிடி139ஓட பேஸ்-எமிட்டருக்கு நடுவுல இருக்கணும். அங்க தொடர்பு விட்டா பயாஸ் குறையும், ஆம்ப் பிழைக்கும். கலெக்டர்-பேஸ் நடுவுல இருந்தா, தொடர்பு விட்ட அன்னைக்கு பயாஸ் உச்சிக்குப் போய் ஜோடி வெந்துரும். மலிவு போர்டு வாங்கினா நான் முதல்ல பாக்கிறது இதைத்தான்.

பிரீசெட்டை முழு ஓம்ல வச்சு, ஆம்ப்புக்கு வர்ற மெயின் ஒயர்ல 100 வாட் குண்டு பல்பு சீரிஸ்ல போட்டு ஆன் பண்ணுங்க. பல்பு ஒரு தடவை பளிச்சுன்னு எரிஞ்சு மங்கணும். மங்காம எரிஞ்சா எங்கேயோ ஷார்ட். மங்கிட்டா பல்பை எடுத்துட்டு 8 மில்லிவோல்ட்ல வைங்க, இருபது நிமிஷம் சூடான பிறகு 11க்குக் கொண்டு வாங்க. பல்பு இருக்கும்போது வோல்ட்டேஜ் இறங்கி நிக்கும், அப்போ வைக்கிற அளவு நிக்காது.

மார்த்தாண்டம்_ஹம்

கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பாருங்க. அடிச்சும் போகலன்னா கன்ட்ரோலோட நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் டிசி இருக்கான்னு அளங்க. இருந்தா முன்னாடி உள்ள கப்ளிங் கெபாசிட்டர் (பாட்டை விட்டு டிசியைத் தடுக்கிறது) கசியுது, புது கன்ட்ரோல் போட்டாலும் கரகரக்கும்.

இரைச்சலுக்கு: செட்டாப் பாக்ஸ்ல இருந்து கேபிள் ஒயரை மட்டும் உருவுங்க. உடனே நின்னா எர்த் லூப், அதாவது ரெண்டு வழியா எர்த் சேர்ந்து வர்ற இரைச்சல். ஆடியோ ஒயர்ல ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் போட்டா தீரும். மூணு பின்ல எர்த்தை வெட்டினாலும் நிக்கும்னு யாராவது சொல்வாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க. மைக்கா கசிஞ்சா அந்தப் பெட்டியிலயே 48 வோல்ட், டிரான்ஸ்பார்மர் பிரைமரி கசிஞ்சா 230.

சூட்டுக்கு ஒரு ஃபேனும் வச்சிரலாமே?

ஈயக்கோல்_தக்கலை

தக்கலைன்னா வைக்கலாம், குளச்சல்ல வேண்டாம். ஃபேன் உப்புக் காத்தை இழுத்து போர்டு மேலயே பூசும். ஹீட்சிங்க் பெட்டிக்கு வெளிய, துடுப்பு செங்குத்தா நின்னாப் போதும். போர்டை ஆல்கஹால்ல கழுவி, நல்லாக் காஞ்ச பிறகு ஈயம் வச்ச பக்கம் பிசிபி வார்னிஷ் ரெண்டு கோட்டு. பிரீசெட், ரிலே, சாக்கெட் மேல படாம டேப் ஒட்டிக்கோங்க.

ஸ்பீக்கர் மாட்டறதுக்கு முன்னாடி அவுட்புட்ல டிசி பாருங்க மக்கா. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா மாட்டலாம்.

குளச்சல்_கரை

பிடி139 திருகு கையாலயே சுத்துச்சு, அடியில பேஸ்ட் பொடிப்பொடியா உதிர்ந்துது. பிரீசெட்டும் கலெக்டர்-பேஸ் பக்கம்தான் இருந்துது, மாத்தி வச்சாச்சு. இப்போ வலது 11, அரை மணி நேரமா நகரல. டிசி இடது 12, வலது 19 மில்லிவோல்ட். கன்ட்ரோல் நடுக்கால்ல 90 மில்லிவோல்ட் டிசி இருக்கு, அந்தக் கெபாசிட்டரை நாளைக்கு மாத்துறேன்.