ஊனச் சான்று வருவதற்கு முன் விபத்து வழக்கு போடலாமா?

வணக்கம். ஜனவரி கடைசியில் கப்பலூர் பக்கம் நான்கு வழிச்சாலையில் அப்பாவின் எக்ஸெல் மீது பின்னாலிருந்து சரக்கு வேன் மோதிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் பூ வியாபாரம் செய்தவர், இன்றும் வாக்கரைப் பிடித்தால்தான் கழிவறை வரை போக முடிகிறது.

எஃப்ஐஆர் நகல், காயச் சான்று, ஆஸ்பத்திரி பில்கள் எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். வேனுக்கு இன்சூரன்ஸ் உண்டு. வேன்காரர் ஐம்பதாயிரம் தருகிறேன், வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள் என்றார்; நான் எழுதிக் கொடுக்கவில்லை. எலும்பு கூடாமல் ஊனச் சான்று கிடையாது என்கிறார் டாக்டர். அது வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் வக்கீல். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டுமே! ஜூலையோடு கெடு முடிகிறது.

மதுரை தீர்ப்பாயத்தில் இப்போதே மனு போட்டுவிட்டு, ஊனச் சான்றைப் பின்னால் தாக்கல் செய்யலாமா?