ஆச்சி குரல் இருக்குற விசிடி 61 சதவீதத்துல நிக்குது, அப்பாவோட 43 டிஸ்க்கையும் ஹார்ட் டிஸ்க்ல ஏத்தணும், உதவி பண்ணுங்க

புளியரை சாரல்:
வணக்கம். செங்கோட்டை தாண்டி புளியரையில இருக்கோம். அப்பா எடுத்ததும் எடுக்க வச்சதுமா வீட்டுல 43 டிஸ்க் கிடக்கு. 17 விசிடி (கேசட்ல இருந்தத 2003ல ஒரு ஸ்டூடியோல குடுத்து மாத்துனது), 22 டிவிடி, மிச்சம் 4 ஹேண்டிகேம்ல போடுற சின்ன 8 செமீ டிஸ்க். ஜூன்ல சாரல் பிடிச்சா எங்க வீட்டுச் சுவரே வேர்க்கும், போன வாரம் பெட்டிய திறந்தா பாதி டிஸ்க்ல ஓரத்துலேர்ந்து உள்ள வெள்ளையா பூஞ்சை படர்ந்திருக்கு, பாத்ததும் பகீர்னு ஆயிட்டு.

என் காதுகுத்து விசிடிய காப்பி பண்ணுனா 61 சதவீதத்துல சிஆர்சி எரர்னு (டிஸ்க்லேர்ந்து தகவல் சரியா படிக்க முடியலன்னு அர்த்தம்) நின்னுருது. அதுக்கு அப்புறந்தான் ஆச்சி வருவா, மாமா மடியில நான் அழுதுட்டு இருக்கேன், "அழாத கண்ணு, இந்தா கருப்பட்டி"ன்னு ஆச்சி சொல்லுவா. அவ போயி 14 வருசம் ஆச்சு, அவ குரல் வேற எதுலயும் இல்ல.

சின்ன டிஸ்க் நாலும் கம்ப்யூட்டர்ல போட்டா காலி டிஸ்க்னு காட்டுது. ஒண்ணுல கழுதுருட்டி 13 கண் பாலத்து மேல மீட்டர் கேஜ் வண்டி போறத அப்பா கீழ ரோட்டுல நின்னு எடுத்திருக்காங்க. 2010ல அந்த வண்டிய நிறுத்திட்டாங்க, 2018லேர்ந்து அகலப் பாதைதான், அந்தக் காட்சிய இனி போயி எடுக்க முடியாது.

முன்னாடி ஒரு கடையில 5 டிவிடி குடுத்து மாத்தி வாங்குனேன், முகமெல்லாம் அகலமா, கைய ஆட்டுனா சீப்புப் பல்லு மாதிரி கோடு கோடா வருது. அதனால நானே பண்ணலாம்னு இருக்கேன், டிவில போட்டு எல்லாரும் பாக்கணும்.

கொழிஞ்சாம்பாறை தறி:
அக்கா, முதல்ல அந்த விசிடிய திரும்பத் திரும்ப டிரைவ்ல போட்டு ஓட்டுறத நிறுத்துங்க, பூஞ்சையோட சுத்தவிட்டா லென்ஸும் அழுக்காகும். வெதுவெதுப்பான தண்ணில பாத்திரம் கழுவுற சோப்பு ஒரு சொட்டு விட்டு விரல் நுனியால மெதுவா தடவி கழுவி, கண்ணாடி துடைக்கிற மெத்து துணியால நடு ஓட்டையிலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைங்க. வட்டமா மட்டும் துடைக்கவே கூடாது, டிஸ்க்ல தகவல் வட்டமாத்தான் ஓடுது, குறுக்க விழுந்த கீறல டிரைவ் சமாளிக்கும், அதே தடத்தோட கீறுனா ஒரே இடத்துல நிறைய போயிரும்.

இன்னொண்ணு, விசிடில பேர் எழுதுற பக்கத்த தேய்க்காதீங்க. சிடில தகவல் படலம் அந்த மேல் பூச்சுக்கு அடியிலயே இருக்கு, டிவிடி மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் நடுவுல இல்ல. டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, பொட்டு பொட்டா வெளிச்சம் வந்தா அந்த இடம் போச்சு.

களியக்காவிளை வீடியோ:
பத்து வருசம் கல்யாண வீடியோ எடிட்டிங் பண்ணுனவன்ங்க. விசிடில படம் இருக்குற செக்டர்ல (டிஸ்க்ல தகவல பிரிச்சு வைக்கிற சின்னத் துண்டு) ஒவ்வொண்ணுலயும் 2324 பைட் அடைச்சிருப்பாங்க, சாதாரண டேட்டா சிடின்னா 2048 தான், மிச்ச இடம் பிழை திருத்தத்துக்கு. விசிடில அந்தத் திருத்தம் கிடையாது, அதனால விண்டோஸ் ஒரு இடத்துல தடுக்குனா மொத்த ஃபைலையும் விட்டுரும். விசிடில எம்பெக்ஏவி (MPEGAV) ஃபோல்டர்ல இருக்குற .DAT ஃபைல இழுத்துப் போடாம, ஐசோபஸ்டர்ங்கிற டிஸ்க் மீட்கிற சாஃப்ட்வேர்ல எடுங்க, படிக்க முடியாதத தாண்டிப் போகச் சொல்லலாம். ஒரு செக்டர் போனா ஒரு நொடி கட்டம் கட்டமா வரும், அவ்வளவுதான். லேப்டாப் யூஎஸ்பி டிரைவ விட பழைய டெஸ்க்டாப் டிரைவ்ல வேகத்த குறைச்சு ஓட்டுங்க.

டிவிடிக்கு லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு ஒரு மீட்கிற சாஃப்ட்வேர் இருக்கு. அது எந்த இடம் கிடைக்கலன்னு மேப் ஃபைல்ல குறிச்சு வைக்கும், அதே மேப் ஃபைலோட வேற டிரைவ்ல ஓட்டுனா விட்டுப்போன இடத்த மட்டும் திரும்பத் தேடும். ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கும், நான் நிறைய தடவ பாத்துருக்கேன்.

சின்ன டிஸ்க் காலி இல்ல, ஃபைனலைஸ் பண்ணாம (வேற மெஷின்லயும் ஓடுற மாதிரி பதிவ முடிச்சு மூடாம) விட்டுருக்காங்க. எடுத்த ஹேண்டிகேம் இருக்கா? அதுல போட்டு படம் ஓடுதான்னு பாத்துட்டு, சார்ஜர குத்தி வச்சுட்டே ஃபைனலைஸ் குடுங்க, நடுவுல கரண்ட் போனா டிஸ்க் கெட்டுரும். அதுக்கு முன்னாடி ஐசோபஸ்டர்லயும் ஒரு தடவ பாருங்க. டிஸ்க்க இழுத்துக்குற மாதிரி ஸ்லாட் டிரைவ்ல 8 செமீ போட்டுராதீங்க, சிக்கிக்கும்.

புளியரை சாரல்:
அண்ணாச்சி, ஹேண்டிகேம் இருக்கு, பேட்டரி உப்பிட்டு, சார்ஜர் தேடணும். எல்லாம் எவ்வளவு இடம் எடுக்கும்?

களியக்காவிளை வீடியோ:
டிவிடி ஒண்ணு நிறைஞ்சா 4.7 ஜிபி, விசிடி 800 எம்பிக்குள்ள, சின்னது 1.4. எல்லாம் முழுசா இருந்தாலும் 125 ஜிபி வராதும்மா. அதனால முதல் காப்பிய சுருக்காதீங்க, ஐஎஸ்ஓவா (முழு டிஸ்க்கோட நகல் ஒரே ஃபைலா) அப்படியே வைங்க. கடைக்காரர் தப்பு பண்ணுனது அங்கதான், 4:3 படத்த அகல டிவிக்கு இழுத்துட்டாரு, இன்டர்லேஸ (படத்த ஒண்ணுவிட்டு ஒண்ணு வரியா ரெண்டு பாதியா பதியிற பழைய முறை, சீப்புப் பல்லு கோடு அதனாலதான்) எடுக்காமலே சுருக்கிட்டாரு. மூல டிவிடி இருக்கறதால சரியாக்கிரலாம். டிவிடிலேர்ந்து வீடியோவ ஃபைலா எடுக்குற மேக்எம்கேவில போட்டு எடுங்க, ஆனா அதுல 120 நொடிக்கு குறைஞ்ச துண்ட தானா விட்டுரும், அந்த அளவ செட்டிங்ஸ்ல குறைச்சிருங்க, வீட்டு வீடியோல நல்லது எல்லாம் ஒரு நிமிசத் துண்டுலதான் இருக்கும். அப்புறம் ஹேண்ட்பிரேக்ங்கிற வீடியோ மாத்துற சாஃப்ட்வேர்ல டிஇன்டர்லேஸ் போட்டு, சுருக்குற முறை ஹெச்264, தரம் 18 இல்லன்னா 20 வைங்க. 576 வரி இருக்குற படத்த 1080 ஆக்காதீங்க, முகம் மெழுகு மாதிரி ஆயிரும்.

கொழிஞ்சாம்பாறை தறி:
டிவில பாக்க ஜெல்லிஃபின்னு ஒரு சாஃப்ட்வேர் போதும்க்கா, வீட்டு கம்ப்யூட்டர்ல இருக்குற வீடியோவ டிவிக்கு அனுப்பும், பழைய லேப்டாப்ல போட்டு ஒரே வைஃபைல இருந்தா டிவி ஆப்ல வந்துரும். லைப்ரரி வகைய ஹோம் வீடியோஸ்னு குடுங்க, மூவிஸ்னு குடுத்தீங்கன்னா நம்ம காதுகுத்துக்கு ஏதோ சினிமா போஸ்டர ஒட்டிரும்.

புளியரை சாரல்:
ஒன்பது நாள் கழிச்சு வந்து எழுதுறேன். காதுகுத்து விசிடி கழுவிட்டு பக்கத்து வீட்டு பழைய டெஸ்க்டாப்ல போட்டேன், 61ல பத்து நிமிசம் முக்கி முக்கி நின்னு தாண்டிட்டு. ஆச்சி வர்றப்ப முகம் கட்டம் கட்டமா உடையுது, குரல் உடையல. "இந்தா கருப்பட்டி" முழுசா கேக்குது. அப்பா மூணு தடவ போடச் சொன்னாங்க, நாலாவது தடவ ஒண்ணும் சொல்லாம எந்திச்சு வெளிய போயிட்டாங்க.

சின்ன டிஸ்க்ல மூணு ஃபைனலைஸ் ஆயிட்டு. பாலம் இருக்குறது அந்த மூணுல இல்ல, நாலாவதுல டிஸ்க் எரர்னு வருது, ஆனா ஹேண்டிகேம்ல மட்டும் படம் ஓடுது. இத எப்படி எடுக்க?

களியக்காவிளை வீடியோ:
ஓடுதுன்னா போதும்மா. இனி அதுல ஃபைனலைஸ் அமுக்கவே அமுக்காதீங்க. கேமராவோட வந்த ஏவி ஒயர யூஎஸ்பி கேப்சர் ஸ்டிக்ல (வெளிய இருந்து வர்ற வீடியோவ கம்ப்யூட்டருக்குள்ள வாங்குற சின்னக் கருவி) குத்தி, கேமராவுல ப்ளே போட்டு கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ணுங்க. தரம் கொஞ்சம் குறையும், வண்டி வந்துரும்.

புளியரை சாரல்:
ஸ்டிக் சொல்லியாச்சு அண்ணாச்சி. எல்லாத்தையும் ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல போட்டுட்டேன், ஒண்ணு இங்க பீரோல சிலிக்கா பையோட, இன்னொண்ண ஞாயித்துக்கிழம பஸ்ல கொண்டுபோயி புனலூர்ல அக்கா வீட்டுல வைக்கப் போறேன். பாலம் வந்ததும் எழுதுறேன்.