சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டா என்று இன்டர்வியூவிலேயே கேட்கலாமா?

வணக்கம். நான் கோவைப் பக்கம் எட்டிமடை. வாளையார் தாண்டி, கேரளாவில் இருக்கிற கஞ்சிக்கோட்டில் இரண்டு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், ஒன்றில் அடுத்த வாரம் இன்டர்வியூ. எனக்கு வீசிங் உண்டு. மழை பிடித்துக்கொண்டால் சில நாள் படுத்துவிடுவேன். அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று முதலிலேயே கேட்கலாமா, ஆஃபர் லெட்டர் வந்தபிறகா?

ஒரு கம்பெனியில் 19,000. அங்கே ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) பிடிப்பார்கள். நோயில் படுத்தால், டாக்டர் சான்று இருந்தால் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். ஆனால் 6 மாதக் கணக்கில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டுமாம், அதனால் சேர்ந்த உடனே ஒன்றும் வராது. இன்னொன்றில் 23,000. மாதச் சம்பளம் 21,000-ஐத் தாண்டிச் சேர்ந்தால் ஈஎஸ்ஐ கிடையாது, கம்பெனியில் என்ன லீவு உண்டோ அதுதான். அதாவது அதிகச் சம்பளக்காரனுக்குத்தான் இந்தக் கேள்வி முக்கியம். வேடிக்கைதான்.

மாமா திட்டுகிறார்: "வேலையில சேர்றதுக்கு முன்னாடியே லீவு கேக்குறியா?" வீசிங் பற்றிச் சொல்லாமல், "லீவு பாலிசி என்ன?" என்று பொதுவாக ஹெச்.ஆரிடம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா? எழுத்தில் வாங்க முடியுமா?

அப்புறம், கேரளாவில் வேலை பார்த்துக்கொண்டு கோவைப் பக்கம் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டுகிறவர்கள் யாராவது இருந்தால், மருந்தகத்தை இந்தப் பக்கம் எப்படி மாற்றி வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். இன்டர்வியூ புதன்கிழமை, அதற்குள் பதில் வந்தால் நல்லது.