மார்புப் புற்றுநோய் ஊசியால் அம்மாவின் இதயம் பலவீனம்: உதவி தேவை

அம்மாவுக்கு 54 வயது, புதுக்குடியிருப்பு. ஹெர்-2 பொசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமுள்ள) மார்புப் புற்றுநோய். கீமோ மருந்தான டொக்சோரூபிசின் 4 தடவை, அப்புறம் இன்னொரு கீமோ, பக்லிடாக்செல். பிறகு 3 கிழமைக்கு ஒருக்கா, ஹெர்-2ஐத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் ஊசி, 6 ஊசி முடிந்தது.

போன மாதம் கால் வீங்கியது. மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும், மூன்று தலையணையில் சாய்ந்தபடிதான் நித்திரை. கிணற்றடிக்குப் போய் வரவே களைத்துப்போகிறா. கீமோக் களைப்பு என்று நினைத்து இரண்டு கிழமை விட்டுவிட்டோம், அது இன்னும் மனதை அறுக்கிறது.

எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயம் இரத்தம் தள்ளும் அளவு 62 இலிருந்து 42 சதவீதம். டொக்டர் ஊசியை நிறுத்தி இதயத்துக்கு எனலாப்ரில், கார்வெடிலோல், நீர் வெளியேற பியூரோசெமைட் தந்தார். உப்பைக் குறைத்தோம், தினமும் நிறை பார்த்து எழுதுகிறோம். வீக்கம் வற்றியது, மூச்சு இன்னும் அப்படித்தான்.

இப்படி நிறுத்திய ஊசியை மறுபடி தொடங்கியவர்களுக்கு, இதயம் தேற எத்தனை மாதம் எடுத்தது?