உபுண்டுவில் கீபாஸ்எக்ஸ்சி பயர்பொக்ஸோட இணையுதில்லை, தெரிஞ்சவை உதவுங்கோ

கணக்கு_வெள்ளவத்தை | சனி இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மூண்டு நாளா இதோட மல்லுக்கட்டுறன். ஆராவது வழி சொல்லுங்கோ.

நான் வீட்டில இருந்து புறக்கோட்டைப் பக்கம் அஞ்சு சின்னக் கடையளுக்குக் கணக்குப் பாக்கிறனான். ஒவ்வொரு கடைக்கும் வரி, ஈபிஎப், வங்கி, கரண்ட் பில், டெலிபோன் எண்டு எட்டுப் பத்துக் கடவுச்சொல் இருக்கு. இவ்வளவு நாளும் எல்லாம் ஒரு சீஆர் கொப்பியிலதான் எழுதி வைச்சனான். போன மாதம் மழையில பை நனைஞ்சு, கொப்பியின்ர நடுப்பக்கங்கள் மை ஊறி ஒண்டும் வாசிக்கேலாமல் போச்சு. ஒரு கடையின்ர வரி லொகினைத் திருப்பி எடுக்க அந்த ஐயாவையும் கூட்டிக்கொண்டு ரெண்டு நாள் அலைஞ்சனான். அவர் ஒரு வார்த்தை ஏசேல்லை. எனக்குத்தான் மனசு கேக்கேல்லை. அதோட எல்லாத்தையும் கீபாஸ்எக்ஸ்சி எண்ட, கடவுச்சொல்லைப் பூட்டி வைக்கிற புரோகிராமில ஏத்தினனான்.

லாப்டொப்பில ஓடுறது உபுண்டு 22.04 எண்ட லினக்ஸ். கீபாஸ்எக்ஸ்சி தனிய ஒழுங்கா வேலை செய்யுது, மாஸ்டர் கடவுச்சொல் போட்டாத் திறக்குது. லொகின் பக்கங்களைத் தானா நிரப்ப பயர்பொக்ஸில கீபாஸ்எக்ஸ்சி-பிரவுசர் எண்ட எக்ஸ்டென்ஷனும் போட்டிருக்கிறன். ஆனா அதின்ர ஐகனில சிவப்புப் புள்ளடி. அமத்திப் பாத்தா, கீபாஸ்எக்ஸ்சியோட இணையேலாமல் கிடக்கு, பிரவுசர் இன்டக்ரேஷன் போட்டிருக்கோ எண்டு பார் எண்டு சொல்லுது. அது போட்டுத்தான் இருக்கு. பயர்பொக்ஸ் எண்ட பெட்டியிலயும் சரி அடையாளம் இருக்கு. எக்ஸ்டென்ஷனை ரெண்டு தரம் கழட்டிப் பூட்டினனான், லாப்டொப்பையும் நிப்பாட்டிப் போட்டனான்.

தம்பியின்ர விண்டோஸ் லாப்டொப்பில அதே கடவுச்சொல் பைலை வைச்சு இணைச்சா ஒரே தரத்தில வருகுது. அப்ப பைலில பிழை இல்லைத்தானே?

பம்பலப்பிட்டி_பெடியன் | சனி இரவு 10.05

அக்கா, இதுக்கு ஏன் இவ்வளவு கஷ்டப்படுறீங்கள்? பிட்வோர்டன் எண்ட கடவுச்சொல் சேவையைப் போடுங்கோ. அதின்ர எக்ஸ்டென்ஷன் நேர சேர்வரோட கதைக்கும், லாப்டொப்பில வேற புரோகிராம் தேவையில்லை. லினக்ஸிலயும் பிரச்சினை வராது.

கணக்கு_வெள்ளவத்தை | சனி இரவு 10.20

தம்பி, நல்ல மனசோட சொல்லுறீங்கள், விளங்குது. ஆனா இது என்ர கடவுச்சொல் இல்லை. அஞ்சு குடும்பத்தின்ர கடை. உங்கட விசயம் ஒண்டும் என்ர லாப்டொப்பை விட்டு வெளியில போகாது எண்டு நான் அவையளுக்கு வாய்விட்டுச் சொன்னனான். பைல் என்னட்டையே இருக்கிற மாதிரி ஒண்டுதான் வேணும்.

கொட்டாஞ்சேனை_அக்கா | சனி இரவு 10.31

எனக்கும் இதே கதைதான், ஆனால் நான் பாவிப்பது குரோமியம். பதில் வந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லினக்ஸ்_நானா | ஞாயிறு காலை 6.50

தங்கச்சி, உங்கள் பைலிலும் பிழையில்லை, எக்ஸ்டென்ஷனிலும் பிழையில்லை. அதனால் இனி எதையும் கழற்றிப் பூட்ட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே உள்ள வழி எங்கோ அடைபட்டிருக்கிறது. அந்த வழி எப்படிப் போகிறது என்று தெரிந்தால் அடைப்பை நீங்களே கண்டுபிடிப்பீர்கள், ஆகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எக்ஸ்டென்ஷன் உங்கள் கடவுச்சொல் பைலை ஒருபோதும் தொடுவதில்லை. நீங்கள் ஒரு லொகின் பக்கத்துக்குப் போனதும் அது பயர்பொக்ஸைக் கேட்கும். பயர்பொக்ஸ் கீபாஸ்எக்ஸ்சி-புரொக்சி என்ற ஒரு சின்னப் புரோகிராமை எழுப்பும். அந்தப் புரொக்சி, எக்ஸ்டென்ஷன் சொல்வதை வாங்கிக்கொண்டு போய், ஏற்கனவே திறந்திருக்கும் கீபாஸ்எக்ஸ்சியிடம் சொக்கெட் என்ற ஒரு உள்வழியாகக் கொடுக்கும். பதிலையும் அதே வழியால் கொண்டுவரும். இதற்கு நேட்டிவ் மெசேஜிங் என்று பெயர். இந்தப் பேச்சு முழுவதும் உங்கள் லாப்டொப்புக்குள்ளேயே நடக்கிறது, அதுவும் பூட்டிய கடிதமாகத்தான் போய் வருகிறது. புரொக்சிக்கே உள்ளே இருப்பதை வாசிக்க முடியாது. கடைக்காரருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு இதில் மீறப்படாது.

சரி, புரொக்சி எங்கே இருக்கிறது என்று பயர்பொக்ஸுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் அந்தச் சரி அடையாளம் போட்ட நேரம் கீபாஸ்எக்ஸ்சி ஜேசன் வகையில் ஒரு சின்னக் குறிப்புப் பைலை எழுதி வைத்திருக்கும். ஹோம் போல்டரைத் திறந்து கொன்ட்ரோல் எச் அமத்துங்கள், மறைந்திருக்கும் போல்டர்கள் தெரியும். டொட் மொசில்லா என்பதற்குள் நேட்டிவ்-மெசேஜிங்-ஹோஸ்ட்ஸ் என்ற போல்டர் இருக்க வேண்டும். அதற்குள் கீபாஸ்எக்ஸ்சி பெயரோடு அந்த ஜேசன் பைல். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் சில வரிகள்தான். பாத் என்ற வரியில் புரொக்சியின் விலாசம் இருக்கும். கீழே, எந்த எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் அனுமதி என்று இருக்கும்.

அடுத்தது முக்கியம். டெர்மினலில் ஸ்நாப் லிஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, அந்தப் பட்டியலில் பயர்பொக்ஸ் இருக்கிறதா, கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறதா என்று எழுதுங்கள். உபுண்டு 22.04இலிருந்து பயர்பொக்ஸ் ஸ்நாப் என்ற பொதி வடிவில்தான் வருகிறது. ஆப்ட் என்ற வழமையான நிறுவும் கட்டளை மூலம் போட்டாலும் வந்து இறங்குவது ஸ்நாப்தான். ஸ்நாப் புரோகிராம் தனக்கென்று ஒரு வேலிக்குள் ஓடுவது. வெளியில் இருக்கும் இன்னொரு புரோகிராமை அது நினைத்தபடி எழுப்ப முடியாது. உபுண்டுக்காரர்கள் இதற்கென்று போர்டல் என்ற ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை அந்த வாசலைத் திறக்கலாமா என்று உங்களிடம் கேட்கும். அப்படி ஏதாவது கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

இன்றைக்கே ஏதாவது லொகின் அவசரம் என்றால், கீபாஸ்எக்ஸ்சியில் அந்த வரியைத் தெரிவு செய்து கொன்ட்ரோல் பி அமத்தினால் பயனர் பெயர் கொப்பியாகும், கொன்ட்ரோல் சி அமத்தினால் கடவுச்சொல். பத்துச் செக்கனில் தானாகவே அழிந்துவிடும். தயவுசெய்து வேறு ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி வைக்க வேண்டாம்.

கணக்கு_வெள்ளவத்தை | ஞாயிறு காலை 8.15

நானா, விடியவே எழும்பி இவ்வளவும் எழுதினதுக்கு எப்பிடி நன்றி சொல்லுறது எண்டு தெரியேல்லை.

ஸ்நாப் லிஸ்டில பயர்பொக்ஸ் இருக்கு. கீபாஸ்எக்ஸ்சி இல்லை, அது ஆப்டில போட்டது, பதிப்பு 2.6.6. ஜேசன் பைலும் நீங்கள் சொன்ன இடத்திலயே கிடக்கு. பாத் வரியில யூஎஸ்ஆர், பின், பிறகு கீபாஸ்எக்ஸ்சி-புரொக்சி எண்டு இருக்கு.

நீங்கள் கேட்டது நல்லா ஞாபகம் இருக்கு! எக்ஸ்டென்ஷன் போட்ட முதல் நாள் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்த எக்ஸ்டென்ஷன் வெளியில ஒரு புரோகிராமைத் தொடங்கப் பாக்குது, விடவோ எண்டு கேட்டது. அதுக்கு முதல் கிழமைதான் இங்க ஒருத்தருக்குப் பொய் லிங்க் ஒண்டால காசு போனது. எனக்குப் பயம் வந்து வேண்டாம் எண்டதை அமத்திப் போட்டன். பிறகு அந்தப் பெட்டி வரவே இல்லை.

லினக்ஸ்_நானா | ஞாயிறு காலை 9.02

அதுதான் அடைப்பு. நீங்கள் பயந்ததில் ஒரு பிழையும் இல்லை. தெரியாத ஒன்று கேட்டால் மறுப்பதுதான் சரியான பழக்கம். ஆனால் அந்த மறுப்பு ஒரு அனுமதிப் பதிவேட்டில் எழுதப்பட்டுவிட்டது. எக்ஸ்டென்ஷனைக் கழற்றினாலும் லாப்டொப்பை நிறுத்திப் போட்டாலும் அந்தப் பதிவு அழியாது. அதனால்தான் மூன்று நாளும் வீணானது.

பதிவேட்டைத் திருத்த, ஸ்நாப் போன்ற இன்னொரு பொதி முறையான பிளட்பெக்கில் ஒரு கருவி உண்டு. பிளட்பெக் புரோகிராம் எதையும் நீங்கள் பாவிக்கத் தேவையில்லை, அந்தக் கருவிக்காக மட்டும் பிளட்பெக்கை ஆப்டில் போடுங்கள். பிறகு டெர்மினலில் பிளட்பெக் பெர்மிஷன்ஸ் வெப்எக்ஸ்டென்ஷன்ஸ் என்று அடித்தால் பதிவேட்டின் அந்தப் பக்கம் தெரியும். கீபாஸ்எக்ஸ்சி பெயருக்கு நேரே, ஸ்நாப் புள்ளி பயர்பொக்ஸ் என்பதன் பக்கத்தில், நோ என்று இருக்கும் என்று நினைக்கிறேன்.

அதை மாற்ற பிளட்பெக் பெர்மிஷன்-செட் என்ற கட்டளை. அதற்குப் பின்னால் நான்கு சொல் வரவேண்டும். முதலில் வெப்எக்ஸ்டென்ஷன்ஸ். இரண்டாவது, ஜேசன் பைலின் பெயர், கடைசியில் உள்ள புள்ளி ஜேசன் இல்லாமல். கையால் அடிக்காமல் அங்கிருந்தே கொப்பி பண்ணுங்கள், அதில் நடுவே புள்ளிகளும் ஒரு கீழ்க்கோடும் உண்டு, ஒன்று பிசகினாலும் வேறு பெயராகிவிடும். மூன்றாவது ஸ்நாப் புள்ளி பயர்பொக்ஸ். நான்காவது யெஸ். எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். பிறகு பயர்பொக்ஸை முழுதாக மூடித் திறவுங்கள். கீபாஸ்எக்ஸ்சியும் மாஸ்டர் கடவுச்சொல் போட்டுத் திறந்தே இருக்க வேண்டும், பூட்டியிருந்தால் இணைக்க முடியாது.

கணக்கு_வெள்ளவத்தை | ஞாயிறு காலை 9.48

நானா!! வந்திட்டுது!!

நீங்கள் சொன்ன மாதிரியே நோ எண்டு இருந்தது. மாத்திப் போட்டு பயர்பொக்ஸைத் திறந்தன், சிவப்புப் புள்ளடி இல்லை. கனெக்ட் அமத்தினதும் கீபாஸ்எக்ஸ்சி முன்னுக்கு வந்து இந்த இணைப்புக்கு ஒரு பெயர் கேட்டது. வெள்ளவத்தை பயர்பொக்ஸ் எண்டு குடுத்தனான், ஐகன் பச்சையாப் போச்சு. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினனான்.

ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. வரி லொகின் பக்கத்தில ஒண்டையும் நிரப்புதில்லை, லொகின் இல்லை எண்டு சொல்லுது. ஆனா கீபாஸ்எக்ஸ்சிக்குள்ள அஞ்சு கடையின்ரயும் இருக்கு.

பம்பலப்பிட்டி_பெடியன் | ஞாயிறு காலை 10.10

அக்கா, கொப்பியைப் பாத்து ஏத்தேக்க யூஆர்எல் எண்ட கட்டத்தை நிரப்பினீங்களோ? எக்ஸ்டென்ஷன் தலைப்பைப் பாக்காது, அந்த யூஆர்எல்லையும் நீங்கள் நிக்கிற பக்கத்தையும் ஒப்பிட்டுத்தான் தேடும். யூஆர்எல் வெறுமையா இருந்தா அது இல்லாத மாதிரித்தான். லொகின் பக்கத்தின்ர விலாசத்தை மேல இருந்து கொப்பி பண்ணி அஞ்சுக்கும் போடுங்கோ. பிறகு பயனர் பெயர்க் கட்டத்தில அமத்தேக்க அஞ்சு பெயரும் கீழ விழும், வேண்டியதைத் தெரிவு செய்யலாம். கடைப் பெயரைத் தலைப்பில தெளிவா எழுதுங்கோ, இல்லாட்டி ஒரு கடையின்ர கணக்கை இன்னொரு கடைக்குள்ள போய்ப் பதிஞ்சிடுவீங்கள்.

இன்னொண்டு. ஸ்நாப்பே வேண்டாம் எண்டு நினைச்சா, பயர்பொக்ஸைச் செய்யிற மொசில்லாவே ஆப்டுக்கு நேர டெப் பொதி (ஸ்நாப் வேலி இல்லாத சாதாரணப் பொதி) தருகுது, 2024 ஜனவரியில 122ஆம் பதிப்போட தொடங்கினது. நான் அதைத்தான் பாவிக்கிறன். ஆனா ரெண்டு விசயம் கவனம். மொசில்லாவின்ர களஞ்சியத்துக்கு முன்னுரிமை 1000 எண்டு எழுதி வைக்கவேணும், இல்லாட்டி உபுண்டுவின்ர பொதி பழையபடி ஸ்நாப்பைக் கொண்டு வந்திடும். மற்றது, ஸ்நாப் பயர்பொக்ஸ் புக்மார்க், செட்டிங்ஸ் எல்லாத்தையும் ஹோமில ஸ்நாப் எண்ட போல்டருக்குள்ள வைச்சிருக்கு. டெப் அதைப் பாக்காது, டொட் மொசில்லாவைத்தான் பாக்கும். திறந்த உடன எல்லாம் வெறுமையா இருக்குது எண்டு பயப்பிடாதேங்கோ.

லினக்ஸ்_நானா | ஞாயிறு காலை 10.25

தம்பி சொன்னது சரி. தங்கச்சி, வேலை நடக்கும்போது பயர்பொக்ஸை மாற்ற வேண்டாம். இப்போது ஓடுவது ஓடட்டும்.

கொட்டாஞ்சேனை அக்காவுக்கு: உபுண்டுவில் குரோமியமும் ஸ்நாப்தான், 19.10இலிருந்தே அப்படி. நான் மேலே எழுதிய வழி பயர்பொக்ஸுக்கு உரியது. கூகுள் குரோமின் டெப் பொதியை அவர்கள் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டு, கீபாஸ்எக்ஸ்சியில் குரோம் என்ற பெட்டிக்குச் சரி போடுங்கள். அதற்கு வேலி இல்லை, நேரே இணையும்.

கொட்டாஞ்சேனை_அக்கா | ஞாயிறு பகல் 12.40

குரோம் டெப் போட்டேன், உடனே இணைந்துவிட்டது. நடுவே ஒரு தடங்கல் வந்தது, மற்றவர்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன். மாஸ்டர் கடவுச்சொல் பிழை, பிழை என்றே வந்தது. கண் படம் போட்ட பொத்தானை அமத்தி எழுத்தைக் காட்டச் சொன்னால், கட்டம் நிறையத் தமிழ் எழுத்து! பிள்ளைகளின் பாட வேலைக்காகத் தமிழ் விசைப்பலகையில் விட்டிருந்தேன். சுப்பர் விசையோடு ஸ்பேஸ் அமத்தி ஆங்கிலத்துக்கு மாற்றியதும் திறந்தது.

கணக்கு_வெள்ளவத்தை | ஞாயிறு பின்னேரம் 5.30

அஞ்சு கடைக்கும் யூஆர்எல் போட்டு முடிச்சிட்டன், மொத்தம் 43 லொகின். வரிப் பக்கத்தில அஞ்சு பெயரும் வரிசையா விழுகுது. ஒரு வங்கிப் பக்கத்தில மட்டும் முதல் பக்கத்தில பயனர் பெயரும் அடுத்த பக்கத்தில கடவுச்சொல்லும் கேக்குது, அங்க ரெண்டு தரம் அமத்த வேண்டிக் கிடக்கு. அது பரவாயில்லை.

இனிச் சீஆர் கொப்பியைக் கிழிச்சு எரிக்கலாமோ நானா?

லினக்ஸ்_நானா | ஞாயிறு இரவு 7.05

இன்றைக்கு வேண்டாம். முதலில் கடவுச்சொற்கள் இருக்கும் அந்த கேடிபிஎக்ஸ் பைலை இரண்டு பென் டிரைவில் கொப்பி பண்ணுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது நம்பிக்கையான வேறு ஒரு வீட்டில். கொப்பி பண்ணியதோடு விடாமல், தம்பியின் லாப்டொப்பில் அந்தப் பென் டிரைவில் இருந்தே திறந்து பாருங்கள். மாஸ்டர் கடவுச்சொல் மறந்தால் அதை மீட்டுத்தர யாராலும் முடியாது, ஆகவே ஒரு கடதாசியில் எழுதி உறையில் ஒட்டி, வீட்டு உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். இரண்டு பென் டிரைவும் திறக்கிறது என்று கண்ணால் கண்ட பிறகு கொப்பியை எரியுங்கள்.

கணக்கு_வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 7.20

ஒரு பென் டிரைவ் வீட்டில இருக்கு, மற்றது நாளைக்கு வாங்குறன். தம்பி வேலையால வந்த உடன ரெண்டையும் திறந்து பாத்துப்போட்டு இங்க எழுதுறன்.